இந்த ஆனியே கெடு: வெள்ளானூர் தோழர்களுக்கு



ஆனி பிறந்துவிட்டது. ஆடி முதல் தேதிக்குள் நம்மூர்த் தரிசுகளில் தக்கைப்பூண்டு விதை விழுந்தாக வேண்டும். விழுந்தால் நாற்பத்தைந்து நாளில் பூ எடுக்கும். ஆவணி நடுவில் அப்படியே மடக்கி உழுதால் சம்பா நடவுக்கு மண் தயார். விழாவிட்டால் இந்த வருஷமும் பழைய கணக்குதான்: அடியுரம், மேலுரம், குருத்துப் பூச்சிக்குக் குருணை, இலைச்சுருட்டுப் புழுவுக்கு ஸ்பிரே, ஐப்பசியில் ஓர் அடைமழை, பாதி உரம் ஏரிக்கு.

நேரம் குறைவு. அதனால் வேலையை முதலில் சொல்லிவிட்டேன். காரணத்தை இனிச் சொல்கிறேன்.

பட்டா வைத்திருப்பவர்களை மட்டும் நான் கூப்பிடவில்லை. குத்தகைக்கு உழுபவர்கள், நடவுக்கும் களைக்கும் போகும் அக்காமார், நாலு மாடு வைத்துப் பால் ஊற்றுபவர்கள், ஆவடித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்று இங்கே வீடு கட்டியவர்கள், கல்லூரிகளில் பாடம் நடத்துபவர்கள், போன வருஷம் மனை வாங்கிக் குடிவந்து இன்னும் ஊர்க்காரர் பெயர் தெரியாதவர்கள், எல்லோரும் வர வேண்டும். ஏன் எல்லோரும் என்பதைக் கடைசிவரை படித்தால் விளங்கும்.

பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு 2022இல் வந்தபோது ஏகனாபுரத்து மக்கள் கூடி உட்கார்ந்தார்கள். கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். அவர்கள் எதிர்ப்பதற்கு ஓர் அறிவிப்பு இருந்தது, விரலால் தொட்டுக் காட்ட ஒரு வரைபடம் இருந்தது. நமக்கு அதுவும் கிடையாது. நம் வயலை எந்த அரசாணையும் எடுக்கவில்லை. ஒவ்வொரு கையெழுத்தாகப் போகிறது. ஒரு வருஷம் தரிசு. அடுத்த வருஷம் நாலு மூலையிலும் கல். அதற்கடுத்த வருஷம் செம்மண் சாலை, கொடி, ஞாயிற்றுக்கிழமை இலவச வேன். எதிர்த்துப் பந்தல் போடலாம் என்றால் யார் வீட்டு வாசலில் போடுவது? விற்றவர் நம் சித்தப்பா.

விற்றவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மகள் கல்யாணம், மகனின் கல்லூரிக் கட்டணம், மழையில் போன இரண்டு போகம், இவற்றைக் கூட்டிப் பார்த்தால் எவரும் விற்பார். கோபப்பட வேண்டியது, விற்காமல் இருப்பதற்கு ஒரு காரணத்தைக்கூட நாம் அவருக்குக் கொடுக்கவில்லையே என்பதற்குத்தான்.

சுற்றிலும் பாருங்கள். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை நமக்குப் பக்கத்தில் ஓடுகிறது. பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறந்தாயிற்று. ஆவடி 2019இல் மாநகராட்சி ஆனது. சுற்றியிருக்கும் ஊராட்சிகளை அதோடு சேர்ப்பது பற்றிய பேச்சு ஓயவில்லை. சென்னைப் பெருநகரப் பகுதியே 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது 2022இல் 5,904 ஆக விரிந்தது. இந்த வேகத்துக்கு முன் நம் கையில் இருப்பது சில போகங்கள். சில தலைமுறைகள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து ஒருமுறை மோரை, பம்மதுகுளம் பக்கம் வண்டியில் போய் வாருங்கள்.

இனி மழை. செங்கல்பட்டுச் சீமை என்று முன்பு சொன்ன நம் பகுதிக்கு ஏரி மாவட்டம் என்று பெயர். 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டமானபோது ஏரிகளும் பங்காயின. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டங்களும் அந்த ஏரிகளை நம்பியே ஓடின. இப்போது ஓடுகின்றனவா? 2015 டிசம்பர் முதல் தேதி ஒரே நாளில் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். அடுத்த ஆண்டு பருவமழையே வரவில்லை. வர்தா புயல் மட்டும் 2016 டிசம்பர் 12இல் வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. அது போன ஒரு மாதத்துக்குள், 2017 ஜனவரி 10இல், எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசு அறிவித்தது. மரம் விழுந்த ஈரம் காயும் முன் வறட்சி! 2019 கோடையில் புழல் ஏரியின் தரை வெடித்தது. ஜூலை 12இல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து நின்றது. ஐம்பது வேகன், இருபத்தைந்து லட்சம் லிட்டர். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். ஆவடி, பூந்தமல்லி எல்லாம் குளமாக, கதிர் பிடித்திருந்த சம்பா தண்ணீருக்குள் படுத்தது.

அந்தப் புயலுக்கு நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் என்று அறிவித்தார்கள். அடங்கலில் பெயர் இருந்தவருக்கு அது எட்டும். உழுது நட்டு நீரில் நின்றவர் வாய்மொழிக் குத்தகைக்காரர் என்றால் அவருக்கு எதுவும் இல்லை. இதைக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். இயற்கை வேளாண்மை பற்றிப் பேசுகிற மேடைகளில் மண்புழு வருகிறது, நாட்டு மாடு வருகிறது, குத்தகை மட்டும் வருவதில்லை.

நச்சு மருந்து தின்ற மண் திரும்ப உயிர்பிடிக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். பசுந்தாள், தொழுவுரம், மூடாக்கு என்று அந்த வருஷங்களில் போடுகிற உழைப்பு முதலில் விளைச்சலாக வராது. நம்மில் பலருக்குக் குத்தகையோ ஒரு போகத்துக்கு. பொங்கல் முடிந்தால் அடுத்த போகம் நமக்கா, பக்கத்து ஊர்க்காரருக்கா, புரோக்கருக்கா என்று தெரியாது. அப்படிப்பட்டவரிடம் போய் மண்ணுக்கு முதலீடு செய் என்று சொல்வது அநியாயம். அவர் யூரியா போடுவது அறியாமையால் இல்லை. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது, பத்து நாளில் பயிர் பச்சை காட்டுகிறது. ஒரு போகக் குத்தகைக்கு அதுதான் சரியான கணக்கு. கணக்கை மாற்ற வேண்டுமானால் குத்தகைக் காலத்தை மாற்ற வேண்டும்.

குத்தகை உரிமையைப் பதிய 1969லேயே சட்டம் வந்துவிட்டது. அதன்படி பதிவு செய்யச் சொல்லிப் போராட வேண்டும் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். நியாயம் அவர்கள் பக்கம். ஆனால் இங்கே பதிவு என்ற வார்த்தையைக் கேட்ட மறுநாளே நிலத்துக்காரர் வயலைத் தரிசு போட்டுவிடுவார், தரிசு போட்ட வயல் மனையாவதற்கு அதிக நாள் பிடிக்காது என்பது என் பயம். ஆகவே முதலில் மூன்று வருஷத்துக்கு எழுத்தில் ஓர் உடன்பாடு கேட்போம். தனித்தனியாகப் போய்க் கேட்டால் கிடைக்காது. பத்துப் பேராகச் சேர்ந்து போவோம். நிலத்துக்காரர்களில் பாதிப் பேர் அண்ணா நகரிலும் அம்பத்தூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் கிலோ நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்துப் பாரம்பரிய அரிசி வாங்குகிறவர்கள். தங்கள் சொந்த வயலிலேயே அது விளையும் என்று சொன்னால் காது கொடுப்பார்கள். குத்தகையில் ஒரு பங்கை அரிசியாகவே கொடுப்போம் என்று சொல்லுங்கள்.

விதைக்கு வருவோம். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆவடியில் திருவள்ளூர் லோக்கல் ஏறினால் செவ்வாப்பேட்டை ரோடு. அந்தப் பக்கம்தான் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம். டி.கே.எம். என்று தொடங்கும் நெல் ரகங்களெல்லாம் அங்கே பிறந்தவை. அந்த எழுத்துகள் திரூர்க்குப்பத்தைக் குறிக்கின்றன. ஆத்தூர்க் கிச்சிலிச் சம்பாவிலிருந்து பிரித்தெடுத்த ஜி.இ.பி. 24 என்ற ரகத்தை கோ 18உடன் ஒட்டி, 1952இல் டி.கே.எம். 6ஐ வெளியிட்டார்கள். தண்டு துளைப்பானை நன்றாகத் தாங்கும் ரகம் அது. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதைக் கொண்டுபோய்த் தன் குட்டை ரகங்களோடு சேர்த்தது. நம் அப்பாக்கள் நட்ட ஐ.ஆர். 20 அப்படி வந்தது. ஐ.ஆர். 36இன் பரம்பரையிலும் டி.கே.எம். 6 இருக்கிறது. அந்த ஐ.ஆர். 36 ஒரு காலத்தில் உலகத்தில் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் விளைந்தது.

ஆவடியில் ரயில் ஏறினால் போய்ச் சேரும் ஊரிலிருந்து கிளம்பிய எதிர்ப்புச் சக்தி ஆசியாவுக்கே சோறு போட்டது. நாமோ அதே தண்டு துளைப்பானுக்குக் குருணை மருந்து வாங்க வரிசையில் நிற்கிறோம்.

ஆகவே ஆராய்ச்சி நிலையத்தை எதிரியாகப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுவோம். இயற்கை வேளாண்மைக்காக நின்ற நம்மாழ்வாரும் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, அது உழவனுக்கு உதவவில்லை என்று வெளியே வந்தவர்தான். அவர் விஞ்ஞானத்தைக் கைவிடவில்லை, வயலுக்குள் இழுத்து வந்தார். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் உப்பேறிய வயல்களில் பசுந்தாள் போட்டு மீண்டும் பயிர் காண வைக்கும் வேலையில் நின்றார். காலநிலை மாற்றத்தைத் தாங்கும் வேளாண்மை என்று இன்று கருத்தரங்குகளில் பேசுவதை அவர் சேற்றில் செய்தார். 2013 டிசம்பர் 30இல் இறந்தபோதும் டெல்டாவில் மீத்தேன் திட்டத்தை எதிர்த்த பிரசாரத்தில்தான் இருந்தார். திரூருக்குப் போவோம், நிலையத்தாரிடம் பேசுவோம், நம் வயலில் பாதியை அவர்கள் ரகத்துக்கும் பாதியை நம் ரகத்துக்கும் கொடுத்து, மருந்தில்லாமல் எது நிற்கிறது என்று அவர்களையே அளக்கச் சொல்வோம்.

எந்த ரகம் என்று கேட்பீர்கள். ஒரே ரகம் வேண்டாம் என்பதுதான் முதல் பதில். குறுகிய காலத்துக்குப் பூங்கார். வறட்சியும் கொஞ்சம் தாங்கும், வெள்ளமும் கொஞ்சம் தாங்கும். சம்பாவுக்குக் கிச்சிலிச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா. பள்ளக் கழனியில் தண்ணீர் வடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமென்றால் வீம்பு பிடிக்காமல் சி.ஆர். 1009 சப்-1 போடுங்கள். இளம்பயிராக இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் எழும் ரகம், அதையும் இயற்கை முறையில் வளர்க்கலாம். பாரம்பரிய ரகத்துக்குக் குறையும் உண்டு, மறைக்க வேண்டாம். தாள் உயரம். கொஞ்சம் யூரியா பட்டாலும் புயலுக்கு முன்பே சாய்ந்துவிடும். விளைச்சல் குட்டை ரகத்தைவிடக் குறையும். அதை விலையில் எடுக்கப் பார்க்க வேண்டும்.

விதை எங்கே கிடைக்கும்? நெல் ஜெயராமன் காட்டிய வழி இருக்கிறது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 2006இல் அவர் நெல் திருவிழா தொடங்கினார். வருகிறவருக்கு இரண்டு கிலோ விதை, அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான் விதி. அந்த ஒரு விதியால் நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் திரும்பின. 2018 டிசம்பரில் அவர் போய்விட்டார், விதி போகவில்லை. ஒற்றை நாற்று நடவுக்கு ஏக்கருக்கு இரண்டிலிருந்து மூன்று கிலோ விதை போதும் என்பதால் முதல் வருஷம் பெரிய மூட்டை தேவையே இல்லை.

இனி வெப்பம். நெல் என்றால் பகல் வெயிலைப் பற்றித்தான் பேசுகிறோம். இரவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிலிப்பைன்ஸ் நிலையத்தின் வயல்களில் செய்து 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, சாகுபடிக் காலத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி கூடினால் நெல் விளைச்சல் ஏறத்தாழ பத்து சதவீதம் குறைகிறது என்றது. கட்டடம் பெருகப் பெருக இரவு குளிராத புறநகர் நம்முடையது. வயலைச் சுற்றி நின்ற பனை, புங்கன், வேம்பு போய் மதில் வந்திருக்கிறது. பூக்கும் நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் போனால் சொர்ணவாரியில் பதர் கூடுகிறது. இதற்கெல்லாம் மூட்டையில் மருந்து வராது. வரப்பில் மரம், மண்ணில் மக்கு, பட்டத்தை இரண்டு வாரம் முன்பின் தள்ளிப் பார்க்கும் துணிவு, இவைதான் கையில் இருப்பவை. பட்டத்தைத் தள்ளுவதைத் தனியொருவர் செய்தால் பறவையும் எலியும் அவர் வயலிலேயே விருந்து வைக்கும். சேர்ந்து செய்தால்தான் பலிக்கும்.

தண்ணீர் கட்டும் முறைக்கு வருவோம். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் பெரியவர்கள் சொன்னதைத்தான் இன்று மீத்தேனைக் குறைக்கும் வழி என்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எப்போதும் தேங்கிய வயலில் காற்றில்லாத சேற்றிலிருந்து அந்த வாயு கிளம்புகிறது. மண் மயிரிழை வெடிப்பு விடும்வரை காயவிட்டுப் பிறகு கட்டினால் வேர் இறங்கும், மோட்டார் ஓடும் நேரமும் குறையும்.

கிணற்றுத் தண்ணீரை லாரிக்கு விற்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், கசந்தாலும். சென்னைக்குக் குடிதண்ணீர் இல்லாதபோதெல்லாம் நம் மாவட்டத்து வயல் கிணறுகளை வாடகைக்கு எடுத்தார்கள். 2019லும் எடுத்தார்கள். தாமரைப்பாக்கம், பூண்டிப் பக்கத்து உழவர்களைக் கேளுங்கள். பயிர் வைப்பதைவிடத் தண்ணீர் விற்பது லாபமாக இருந்த வருஷங்களைச் சொல்வார்கள். வடக்கே மீஞ்சூரில் அளவு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறிவிட்டது. நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏரியும் நெல்வயலும் மழையைப் பிடித்துக் கீழே இறக்கினால்தான் கிணற்றில் விற்க ஏதாவது இருக்கும் என்பதை நகரம் கணக்கில் எடுக்கட்டும் என்கிறேன். அந்தக் கணக்கை நம் அரிசிக்கும் கீரைக்கும் கொடுக்கிற விலையில் காட்டட்டும்.

ஏரி வண்டலுக்கு இதுவே கடைசித் தவணை. 2024இல் விதி எளிதாகியிருக்கிறது. விவசாயத்துக்கு ஏரி, குளத்து வண்டலை இலவசமாக எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம். ஐப்பசி மழைக்கு முன் மனுப் போட்டு, அளந்து, எடுத்து, வயலில் பரப்பியாக வேண்டும். ஒரு எச்சரிக்கை: புதுக் குடியிருப்புகளின் கழிவுநீர் விழும் மூலையில் எடுக்காதீர்கள். மண் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு எடுங்கள். வண்டல் என்ற பெயரில் லாரி லாரியாகச் செங்கல் சூளைக்கும் மனை நிரப்பவும் ஓட்டுகிறவர்கள் வருவார்கள். அவர்களைத் தடுக்க ஊர் கரையில் நிற்க வேண்டும். வரத்துக் கால்வாயில் கொட்டிய கட்டட இடிபாட்டை அகற்றுவதும் அதே வேலைதான்.

இலங்கையைக் காட்டிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்வி. 2021 மே மாதம் அங்கே ரசாயன உர இறக்குமதியை ஓர் ஆணையால் நிறுத்தினார்கள். நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். இடையில் நெல் சரிந்தது, அரிசி இறக்குமதி செய்ய வேண்டி வந்தது, தேயிலை அடி வாங்கியது. அங்கே தோற்றது தொழுவுரமா? போதிய எரு இல்லை, விதை இல்லை, பழக்கம் இல்லை, உழவனை யாரும் கேட்கவும் இல்லை. மேலிருந்து ஒரே நாளில் கவிழ்த்தார்கள். நமக்குப் பக்கத்து ஆந்திரத்தில் 2016இல் வேறு மாதிரித் தொடங்கினார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியாக, ஊர் ஊராக, முதலில் வயலின் ஒரு மூலையில். பருவமழைக்கு முன் வறண்ட மண்ணிலேயே பல தானியங்களைத் தூவிவிடும் முறையை அங்கே பரப்பினார்கள். நம் பல தானிய விதைப்பின் அக்கா தங்கைதான் அது. நாமும் அப்படித்தான் போக வேண்டும். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் இந்த வருஷம் ஒரு ஏக்கர் மாற்றினால் போதும். நாளைக்கே முழுசாக மாறு என்று மேடையில் முழங்குகிறவர் அந்தக் குடும்பத்தின் கடனை அடைக்க வரமாட்டார்.

இன்னொரு கூட்டத்தையும் கிட்டே சேர்க்காதீர்கள். பஞ்சகவ்யத்தைப் பாட்டிலில் அடைத்து, லிட்டர் இத்தனை ரூபாய் என்று, பழைய மருந்துக் கடைக்காரரைப் போலவே விற்கிறவர்கள். சாணமும் கோமியமும் நம் கொட்டிலில் இருக்கும்போது அதைக் காசு கொடுத்து வாங்கினால் நாம் கடையை மட்டும்தான் மாற்றியிருப்போம். எரு போதவில்லை என்பது உண்மை, மாடு குறைந்துவிட்டது. அலமாதியில் மத்திய அரசின் கால்நடை இனப்பெருக்கப் பண்ணை முர்ரா எருமைகளோடு இருக்கிறது. அங்கே எருவுக்கு முறையாக ஊர் சார்பில் மனுக் கொடுத்துப் பார்ப்போம். கல்லூரி விடுதிகளின் காய்கறிக் கழிவு, அடுக்கக வீடுகளின் சமையல் கழிவு எல்லாம் இப்போது குப்பை வண்டியில் ஏறுகிறது. பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் கலக்காமல் தனியே தர ஒத்துக்கொள்கிறவர்களிடமிருந்து மட்டும் வாங்கி மக்க வைப்போம். கலந்த குப்பை உரம் எவ்வளவு மலிவானாலும் வயலுக்குள் விடாதீர்கள்.

களைக்கு வருவோம், அக்காமார் கேட்பதற்கு முன். மருந்து நிறுத்தினால் களை கூடும், ஆள் கூடும், முதுகு வலி கூடும். அந்த முதுகு பெரும்பாலும் பெண்ணுடையது. கூலியை இன்றைய நிலையிலேயே வைத்துக்கொண்டு நஞ்சில்லா உணவு என்று பேசினால் அவர்கள் சிரிப்பார்கள். வரிசை நடவும் கோனோ வீடரும் வேலையைக் குறைக்கும். மிச்சமாகும் மருந்துச் செலவிலிருந்து ஒரு பகுதி களைக் கூலிக்குப் போக வேண்டும் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி வைப்போம். 1955இல் இதே ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோசலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. எழுபது வருஷம் கழித்து அதே ஆவடிக்குப் பக்கத்து வயலில் களைக்காரி கூலியைப் பற்றி நாம் ஒரு தீர்மானம் போட்டால் கெட்டுப்போகாது.

இப்போது குடிவந்தவர்களைப் பார்த்துப் பேசுகிறேன். 2020 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா? கொரோனா பரவிக் கோயம்பேடு மூடிற்று, காய்கறிச் சந்தை திருமழிசைக்கு ஓடிற்று. அந்த வாரங்களில் நமக்குக் கீரை கொடுத்தது யார்? பக்கத்து வயல். பிறகு சந்தை திறந்தது, பக்கத்து வயலை மறந்தோம். உங்களிடம் இரக்கம் கேட்கவில்லை, இரண்டு வருஷ வாக்குக் கேட்கிறேன். அங்ககச் சான்றுக்கு மாறுகாலம் என்று ஒன்று இருக்கிறது. மருந்து நிறுத்தியது முதல் ஏறக்குறைய இரண்டு ஆண்டு, விளைச்சல் இறங்கியிருக்கும், சான்று கையில் இராது, அதனால் விலையும் கிடைக்காது. பெரும்பாலானவர்கள் விழுவது இந்தப் பள்ளத்தில்தான். அந்த இரண்டு ஆண்டும் நீங்கள் வயலைக் கண்ணால் பார்த்துவிட்டு, சான்று இல்லாமலே, பேசிய விலைக்கு மாதாமாதம் அரிசி எடுத்துக்கொண்டால் பள்ளம் தாண்டிவிடும். நடவின்போது கொஞ்சம் முன்பணம் கொடுத்தால் வட்டிக்கடைக்குப் போக வேண்டியிராது. வெள்ளம் வந்தால் நஷ்டத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சான்றுக்குப் பெரிய செலவு தேவையில்லை. பக்கத்துப் பக்கத்து உழவர்கள் ஐந்து பேர் சேர்ந்தாலே பங்கேற்பு உத்தரவாத முறையில் குழு பதியலாம், ஒருவர் வயலை மற்றவர் பார்த்துச் சொல்லும் முறை அது. ஏற்றுமதி அளவுக்குப் போக நினைப்பவர்களுக்குக் கோவையில் மாநில அங்ககச் சான்றளிப்புத் துறை 2007 முதல் இருக்கிறது. அரசும் 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது. மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் என்ற திட்டத்தில் பசுந்தாள் விதை மானியத்தில் கொடுக்கிறார்கள். வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு வாங்குங்கள், கேட்காதவருக்கு வராது.

எனக்குப் பெரிய கவலை அரைவைதான். செங்குன்றத்தில் அவ்வளவு அரிசி ஆலை இருக்கிறது, ஆந்திரத்து நெல் லோடு லோடாக வந்து இறங்குகிறது. பத்து மூட்டைப் பூங்காரை எடுத்துக்கொண்டு போனால் நம்மை யார் மதிப்பார்கள்? தவிடு தீட்டாமல் அரைத்துத் தரும் சிறிய ஆலை ஒன்று நமக்கே வேண்டும், பத்து ஊர் சேர்ந்தாவது. இதற்கு என்னிடம் இன்னும் வழி இல்லை. ஆலைத் தொழில் தெரிந்த தோழர்கள் இருந்தால் முன்னே வாருங்கள்.

ஆகஸ்ட் 15இல் கிராம சபை. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவரைப் பிடித்துக் காரியம் பார்க்கும் வழி போனபோது நமக்கு மிஞ்சியது சபைதான். ஊர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டால் அந்தச் சபையும் போகும், ஊரக வேலைத் திட்டமும் போகும். இருக்கிறபோதே பயன்படுத்துவோம். ஏரி, வரத்துக் கால்வாய், கலங்கல் எல்லாவற்றையும் அளந்து எல்லைக் கல் நட வேண்டும். பயிர் செய்யும் நிலம் எது எதுவென்று சர்வே எண்ணோடு பட்டியல் எடுத்து, பெருநகர வளர்ச்சிக் குழுமம் தயாரிக்கும் மூன்றாவது முழுமைத் திட்டத்தில் அதை வேளாண் மண்டலமாகவே வைக்கச் சொல்லித் தீர்மானம் போட வேண்டும். இந்த இரண்டும் பதிவேட்டில் ஏறட்டும். பேசிவிட்டு வந்தால் போதாது, தீர்மான நகல் கையில் வரும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள். பெண்கள் பாதிக்கு மேல் வர வேண்டும். குடிவந்தவர்களும் வரலாம், வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் உங்களுக்கும் அங்கே கை தூக்கும் உரிமை உண்டு.

அதற்கு முன் விதை. வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏரிக்கரை மதகுக்கு வாருங்கள். தக்கைப்பூண்டு ஏக்கருக்கு இருபது கிலோ வேண்டும், யார் எத்தனை ஏக்கர் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் மொத்தமாக வாங்கலாம். குத்தகை உடன்பாட்டுக்கு நிலத்துக்காரர் பெயரும் ஊரும் எழுதிக் கொண்டுவாருங்கள். மண்வெட்டி, கடப்பாரை, பாண்டு எது இருந்தாலும் எடுத்து வாருங்கள், கால்வாய் முகப்பில் கிடக்கும் இடிபாட்டை அன்றே கிளற வேண்டும். டிராக்டர் வைத்திருப்பவர்கள் முந்தின நாளே சொல்லுங்கள், டீசலுக்குப் பணம் பிரிக்க வேண்டும்.